எத்தனை கரண்டிக்கு எவ்வளவு வலை?

வண்டு மீன் தொட்டித் தண்ணீரும் சோதனை மருந்தும் விட்ட குழாயை மூடி, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாள். முப்பது விநாடி குலுக்க வேண்டும் என்று மருந்துப் பெட்டியில் போட்டிருந்தது. முப்பது எண்ணினாள். அவசரத்தில் வேகமாக எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. இன்னொரு முப்பது எண்ணினாள்.

"போதும்டி, கை கழண்டு விழுந்துடப் போகுது" என்றாள் அம்மா, மேசைக்குப் பின்னாலிருந்து.

இனி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் வண்டுக்கு வராது. கதவு வரை நடந்தாள். மீன் தொட்டி வரை திரும்பி வந்தாள். மறுபடி கதவு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பாப்பா, எனக்குப் பல்லு வலிக்குது. உன்னைப் பார்த்தா தலையும் சுத்துது" என்றார்.

பதினொரு வயதுப் பெண்ணுக்கு வண்டு என்ற பட்டப்பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன். அது வீட்டில் ஒட்டி, தெருவில் ஒட்டி, பள்ளிக்கூடத்திலும் ஒட்டிக்கொண்டது. பள்ளி விட்டதும் அவள் நேராக இந்தப் பல் மருத்துவமனைக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு இங்கேதான் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவாள்.

ஹாலின் மூலையில் இருந்த தொட்டியில் உப்புத் தண்ணீர். அதில் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. பாறையின் மேல் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, உண்மையில் அது பூ அல்ல, உயிருள்ள பிராணி. அதன் விரல்களுக்கு நடுவில்தான் மீன்கள் இரண்டும் படுத்துக்கொள்ளும். முன்பு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்த சாமந்தி, இப்போது மூடிய கை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

ஐந்து நிமிடம் ஆனது. வண்டு குழாயை வண்ண அட்டையின் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் என்றால் நலம். ஆரஞ்சு என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து.

குழாய் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"என்ன கலர்?" டாக்டர் முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டபடி வெளியே வந்தார்.

"சிவப்புதான் ஆன்ட்டி. ஆனா நேத்தைவிடக் கொஞ்சம் வெளுத்த மாதிரி..."

"நேத்தும் இதையேதான் சொன்னே." டாக்டர் குனிந்து சாமந்தியைப் பார்த்தார். "பாரு வண்டு, நீ மூணு வாரமா படாத பாடு படுறே. எனக்குத் தெரியும். ஆனா என் கண்ணு முன்னாடி இது சாகக் கூடாது. வளர்ப்பு மீன் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து மூணையும் எடுத்துட்டுப் போவார். அவர் கடையில பெரிய தொட்டி இருக்கு."

"இன்னைக்கே வியாழக்கிழமை ஆன்ட்டி!"

"அதனாலதான் இன்னைக்கே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் பல்வலிப் பெரியவரை உள்ளே அழைத்துப் போனார்.

வண்டு தொட்டிக்கு மேலே இருந்த தன் வடிகட்டியை முறைத்துப் பார்த்தாள்.

அதை அவளே செய்திருந்தாள். மீனின் கழிவும், மீன் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அழுகும். அழுகிக் கடைசியில் நைட்ரேட் என்ற ஒன்றாக மாறும். அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சேரச் சேரச் சாமந்தி மாதிரி மென்மையான உயிர்களால் தாங்க முடியாது. ஆனால் பச்சைப் பாசிக்கு அந்த நைட்ரேட்தான் விருந்து. எனவே பாசியை நாம் சொல்லும் இடத்தில் வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் சுரண்டி வெளியே போட வேண்டும். பாசியோடு சேர்ந்து நைட்ரேட்டும் போய்விடும்.

இதையெல்லாம் பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்துத்தான் வண்டு வேலையைத் தொடங்கினாள். பூவேலை செய்யும் பிளாஸ்டிக் வலையில் ஒரு துண்டு. பாசிக்குப் பிடி கிடைக்கும்படி அதை ரம்பத்தால் சொரசொரப்பாக்கினாள். மேலே கீறல் போட்ட ஒரு குழாய். சின்ன பம்ப் தண்ணீரை ஏற்றும். கீறல் வழியாகத் தண்ணீர் திரைச்சீலை மாதிரி வலை முழுதும் வழியும். இரண்டு பக்கமும் விளக்கு. வழிந்த தண்ணீர் ஒரு டப்பாவில் விழுந்து தொட்டிக்கே திரும்பும்.

வலையின் அளவுதான் முக்கியம். அது தொட்டியின் அளவைப் பொறுத்ததல்ல, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று புத்தகம் சொன்னது. வண்டு தினமும் மாலையில் ஒரு கரண்டி போடுவாள். பல் அடைக்கும் பொடியை அளக்கும் குட்டிக் கரண்டி அது. டாக்டர் கொடுத்தது. ஒரு கரண்டிக்குக் கணக்குப் போட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம், எட்டு சென்டிமீட்டர் உயரம் என்று வலையை வெட்டினாள்.

பாசியும் வந்தது. புல்வெளி மாதிரி பச்சைப் பசேலென்று வந்தது. ஆனால் குழாய் மட்டும் சிவப்பு.

வெள்ளிக்கிழமை வீட்டில் வண்டு தன் நோட்டை விரித்தாள். வலை அளவு, விளக்கு எரியும் நேரம், தண்ணீர் வேகம் என்று ஒவ்வொரு வரியின் முடிவிலும் "சரியா?" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தாள். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. அவற்றுக்கு மேல் இரண்டாவது டிக்கும் இருந்தது.

"மீனுக்குக் கக்கூஸ் கட்டுற இன்ஜினியரம்மா, சாப்பிட வர்றீங்களா?" என்றான் அண்ணன்.

"சும்மா இரு. நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியலை."

"குழாய்ல கீறல் போட்டது நான். அது தப்பா இருக்காது."

"அதையும் அளந்து பார்த்துட்டேன்."

"என் மேலயே சந்தேகமா!"

"என் மேலயே எனக்குச் சந்தேகம். உன்னை விடுவேனா?"

அண்ணன் சிரித்துவிட்டு நோட்டைப் புரட்டினான். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. அப்போ நீ எழுதாதது எதுவோ இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

எழுதாதது என்ன? வண்டுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தும் புரண்டுகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. காலை எட்டரைக்கே அம்மாவுடன் கிளம்பிவிட்டாள். காலை நேரத்தில் அவள் மருத்துவமனைக்கு வருவது இதுவே முதல் முறை.

மாலையில் வருபவர்கள் எல்லாம் பெரியவர்கள். காலையில் ஹால் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். மாலைக்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டார்கள் என்று டாக்டர் அவர்களுக்குக் காலை நேரத்தை ஒதுக்கியிருந்தார்.

முதலில் வந்த பையன் வாசலிலேயே தரையில் உட்கார்ந்து கத்தினான். "ஊசி வேணாம்! எனக்குப் பல்லே வேணாம்!"

அம்மா சட்டென்று எழுந்தாள். தொட்டிக்கு மேலிருந்து தீனி டப்பாவை எடுத்தாள். "ராஜா, இங்க பாரு. இந்த மீனுக்குப் பசிக்குதாம். நீ சாப்பாடு போடுறியா?"

பையன் அழுகையை நிறுத்தினான். மூன்று விரலால் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டான். மீன்கள் ஓடி வந்தன. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். பிறகு கூட வந்த தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே போனான்.

வண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அது மட்டுமா? பத்து நிமிடத்தில் டாக்டர் அவனைத் தோளில் தட்டியபடி வெளியே கூட்டி வந்தார். "சமர்த்துப் பையன்! வா, பரிசா மீனுக்கு ஒரு சிட்டிகை போடு" என்று அதே டப்பாவைத் திறந்தார்.

"அம்மா!" என்று கத்த நினைத்தாள் வண்டு. சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது பார்த்து அடுத்த பிள்ளை அழுதுகொண்டே உள்ளே வந்தது. அம்மா டப்பாவை எடுத்தாள். அழுகை நின்றது.

வண்டு வாயை மூடிக்கொண்டாள். நோட்டைத் திறந்து கோடு போடத் தொடங்கினாள்.

பதினொன்றரை மணிக்குள் ஆறு பிள்ளைகள். அம்மா ஆறு சிட்டிகை, டாக்டர் ஆறு சிட்டிகை. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொட்டி எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று குருணை. அவளுடைய கரண்டியில் நாற்பது. அப்படியென்றால் குறைந்தது பன்னிரண்டு கரண்டி. மாலையில் அவள் போடுவதோடு பதின்மூன்று!

பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். மீன் தின்னாத குருணைகள் ஊறிப் பெருத்து, பழைய சோறு மாதிரி குவிந்து கிடந்தன.

பதின்மூன்று கரண்டிக்கு வலை வெட்டினால் நூற்று முப்பது சென்டிமீட்டர் நீளம் வரும். தொட்டிக்கு மேல் அது நிற்காது. தீனியை நிறுத்தினால்? நிறுத்தலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள்?

அப்போது ஏழாவதாக ஒரு சிறுமி வந்தாள். வந்த வேகத்தில் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள். "வெளிய வாடா செல்லம்" என்று அவளுடைய அப்பா குனிந்து கெஞ்சினார். பதிலுக்கு ஒரு செருப்பு மட்டும் வெளியே வந்தது.

அம்மா டப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள். வண்டு முந்திக்கொண்டாள். "அம்மா, இந்த ஒரு தடவை நான் பார்த்துக்கிறேனே. ப்ளீஸ்மா."

அவள் கண்கள் மேசையை அளந்தன. கழுவி வைத்த கருவிகளுக்கு நடுவில் பஞ்சு எடுக்கும் இடுக்கி ஒன்று இருந்தது. முனை மழுங்கியது, குத்தாது. அதை எடுத்தாள். டப்பாவின் மூடியில் ஐந்தே ஐந்து குருணைகளைக் கொட்டினாள். நாற்காலிக்கு அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"இது டாக்டரோட இடுக்கி. எல்லாரும் இதைப் பிடிக்க முடியாது. கை நடுங்கினா குருணை கீழ விழுந்துடும். விழுந்தா அவுட்."

நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"நான் ரெண்டு தடவை அவுட்" என்றாள் வண்டு. பொய்யில்லை. அப்போதுதான் முயன்று பார்த்து இரண்டு முறையும் தவறவிட்டிருந்தாள்.

"நான் அவுட் ஆக மாட்டேன்" என்றது ஒரு குரல்.

சிறுமி வெளியே வந்தாள். இடுக்கியைப் பிடித்தாள். ஒரு குருணையைக் கவ்வ முயன்றாள். நழுவியது. மறுபடி கவ்வினாள். மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டி வரை நடந்தாள். அத்தனை கவனத்தில் அவள் வாய் தானாகவே ஆவென்று திறந்துகொண்டது. நாக்கு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

சரியாக அந்த நேரம் வெளியே வந்த டாக்டர், அப்படியே குனிந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"கீழ்ப்பல்லு, இடது பக்கம், ரெண்டாவது. பார்த்தாச்சு!" என்றார்.

சிறுமி ஐந்தாவது குருணையைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். இடுக்கியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனாள்.

பன்னிரண்டு அடித்தது. மீன் கடைக்காரர் வந்தார். கையில் பிளாஸ்டிக் பைகள், மீன் அள்ளும் சின்ன வலை, வாளி. தெருவில் நின்ற வண்டியில் இரண்டு பெரிய கேனில் உப்புத் தண்ணீர்.

"எடுத்துடலாமா டாக்டர்?"

வண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "மாமா, ஒரு நிமிஷம். ஆன்ட்டி, அம்மா, நீங்க ரெண்டு பேரும் வாங்க. ஒரு நாளைக்கு மீனுக்கு எவ்வளவு தீனி போடுறீங்க?"

"நானா?" என்றார் டாக்டர். "நான் போடுறதே இல்லையே. பிள்ளைங்கதான் போடுறாங்க. ஒரு சிட்டிகை."

"நானும் போடலை. பிள்ளைங்கதான். அதுவும் ஒரு சிட்டிகைதான்" என்றாள் அம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் போடுவியா?" என்றார் டாக்டர்.

"நீங்களுமா டாக்டர்?" என்றாள் அம்மா.

வண்டு நோட்டைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு கோடுகள். பிறகு பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். கடைக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பந்தியே நடந்திருக்கு போல" என்றார்.

"என் வலை ஒரு கரண்டிக்குத்தான்" என்றாள் வண்டு. "இனிமே காலையில ஒரு கரண்டி பிள்ளைங்களுக்கு. நாற்பது குருணை. ஆளுக்கு அஞ்சுன்னா எட்டுப் பேருக்கு வரும், இடுக்கியால. சாயங்காலம் ஒரு கரண்டி நான். மொத்தம் ரெண்டு. ரெண்டு கரண்டிக்கு நான் வலை பண்ணிடுறேன். ரெண்டு வாரம் மட்டும் கொடுங்க ஆன்ட்டி."

"இருபது சென்டிமீட்டர் நீளமா?" என்றார் டாக்டர்.

"இருபத்தி நாலு. சந்தேகத்துக்கு நாலு."

டாக்டர் சாமந்தியைப் பார்த்தார். "ரெண்டு வாரம் இது தாங்குமா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இந்தத் தண்ணியில தாங்காது. ஆனா மீனைக் கொண்டுபோகத்தான் தண்ணி கொண்டாந்தேன். மீன் வரலைன்னா தண்ணியைத் திருப்பிச் சுமக்கணுமா என்ன? குப்பையை எடுத்துட்டுப் பாதித் தண்ணியை மாத்திடலாம். அப்புறமும் சிவப்பா ஏறுச்சுன்னா நான் கேட்க மாட்டேன். தூக்கிட்டுப் போயிடுவேன்."

அன்று மாலை குழாய் ஆரஞ்சு நிறம் காட்டியது. அது புதுத் தண்ணீரின் வேலை, வலையின் வேலை அல்ல என்று வண்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு முழுதும் வேலை. அண்ணன் நீளமான குழாயில் கீறல் போட்டான். வண்டு அதை மூன்று முறை அளந்தாள். இந்த முறை அவனே அளவுகோலை எடுத்துக் கொடுத்தான். பழைய வலையை அவள் தூக்கிப் போடவில்லை. அதன் பக்கத்திலேயே புது வலையைக் கட்டி, பழைய பாசியில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் தேய்த்துவிட்டாள். வெறும் வலையில் பாசி தானாக வர வாரக்கணக்காகும். விதைத்துவிட்டால் சீக்கிரம் வரும்.

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டும்.

திங்கள், ஆரஞ்சு. செவ்வாய், ஆரஞ்சு. புதன்கிழமை குழாய் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்த மாதிரி இருந்தது. வண்டு சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், விளக்கடியில் பார்த்தாள், அம்மாவிடம் காட்டினாள், பல் பிடுங்கிக்கொண்டு பேச முடியாமல் வந்த ஒரு மாமாவிடம்கூடக் காட்டினாள். அவர் "ம்ம்" என்றார். அது என்ன நிறமோ!

காலை நேரத்தில் அம்மா இடுக்கியும் குருணையுமாகப் பிள்ளைகளைச் சமாளித்தாள். "நேத்து ஒருத்தன் ஒரு குருணை போட நாலு நிமிஷம் எடுத்துக்கிட்டான். அழ நேரமே இல்லை அவனுக்கு" என்றாள். ஒரு நாள் டாக்டர் மறந்துபோய் டப்பாவைத் திறக்க, அம்மா மேசையிலிருந்தே "டாக்டர்!" என்றாளாம். டாக்டர் திருட்டு முழி முழித்தாராம்.

இரண்டாவது வாரம் புது வலையும் பச்சை பிடித்தது. வெள்ளிக்கிழமை வண்டு அதைச் சுரண்டினாள். கை நிறையப் பாசி.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் பைகளோடு வந்து நின்றார். சொன்ன வார்த்தை தவறாத மனிதர்.

வண்டு குழாயைக் குலுக்கினாள். முப்பது. இன்னொரு முப்பது. ஐந்து நிமிடம் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவள் பின்னாலேயே காத்திருந்த இரண்டு வாண்டுகளும் நடந்தன.

"ஆயிடுச்சு" என்றாள் அம்மா.

வண்டு அட்டையின் பக்கத்தில் குழாயை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க பாருங்க ஆன்ட்டி. நான் பார்த்தா எனக்குப் பிடிச்ச கலர்தான் தெரியும்."

டாக்டர் குனிந்தார். கடைக்காரரும் குனிந்தார். அம்மாவும் குனிந்ததில் மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன.

"மஞ்சள்" என்றார் டாக்டர். "சுத்த மஞ்சள் இல்லை. ஆனா மஞ்சள்தான்."

வண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மஞ்சள். இன்னொரு கண்ணையும் திறந்தாள். அப்போதும் மஞ்சள்தான்! தொட்டிக்குள்ளே சாமந்தி விரல்களை நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய மீன் அதற்குள் புகுந்து, புதுப் படுக்கையில் படுப்பது போல இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

அம்மா வண்டின் தலையை இழுத்து அணைத்துக்கொண்டாள். டாக்டர் கடைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, வீணா வர வச்சுட்டேன்" என்றார்.

ஆனால் கடைக்காரர் போகவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, வலையில் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இது... நீளம் எவ்வளவு சொன்னே பாப்பா? இருபத்தி நாலா? என் கடையிலயும் ஒரு தொட்டி மாசக்கணக்கா சிவப்பாவே இருக்கு. வெளிய சொல்லிக்கலை."

வண்டு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பிப் பென்சிலை எடுத்தாள்.

"நீளத்தை அப்புறம் பார்க்கலாம் மாமா. முதல்ல இதைச் சொல்லுங்க. உங்க கடையில மீனுக்குத் தீனி போடுறவங்க எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்" என்று உடனே சொன்ன கடைக்காரர், அப்படியே நிறுத்தினார். மேலே பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை.